நாற்பது கிலோமீற்றர் ஆழத்திலிருந்து கம்பளை

மலையக வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நம்மில் அநேகர் கம்பளையைத்தான் சொல்லுவோம். 1820களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் என்கிற வெள்ளைக்காரர் இங்கே சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். அதில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் கணக்கில்தான் 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். சிங்கள நண்பர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் இன்னும் ஐந்நூறு வருஷம் பின்னால் போவார்கள்: நான்காம் புவனேகபாகு, கம்பளை இராசதானி, 1340கள். இரண்டு பதிலும் சரிதான். ஆனால் இரண்டு கதையிலும் மலை ஏற்கெனவே அங்கே நிற்கிறது, நாடக மேடையின் பின்திரை மாதிரி. ஆட்கள் வருவார்கள், போவார்கள், அது சும்மா நிற்கும்.

அந்தப் பின்திரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது நம் கதைக்குள் பல இடங்களில் வந்து மூக்கை நுழைக்கிறது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கலைப்பீடத்து ஆளுக்குக் கல்லோடு என்ன வேலை என்று கேட்கலாம். பதில் போகப் போக வரும்.

கம்பளைக்கும் கண்டிக்கும் இடையில் உடுநுவரைப் பக்கம் இலங்காதிலக விகாரை இருக்கிறது. பன்ஹல்கல என்ற பாறையின் மேல் கட்டியது. கீழே அந்தப் பாறையிலேயே ஒரு கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலும். சக வருஷம் 1266, அதாவது கி.பி. 1344. சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது, அதற்கு விட்ட நிலங்கள் என்ன என்ற விவரம் எல்லாம் அதில் வரும். கொஞ்ச தூரத்தில் அதே காலத்துக் கடலாதெனிய. அது கல்லாலேயே எழுப்பியது, கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் கை. இந்த இரண்டு இடங்களையும் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுத்தைப் படிக்கிறார்கள், கட்டிடப் பாணியைப் படிக்கிறார்கள். எழுத்து வெட்டியிருக்கிற கல்லைப் படிக்கிறவர்கள் வேறு கட்டிடத்தில், விஞ்ஞான பீடத்தில் இருக்கிறார்கள்.

அந்தக் கல்லில் என்ன இருக்கிறது? இந்தப் பகுதியில் வீதிக்காக மலையை வெட்டின எந்த இடத்திலும் நின்று பார்க்கலாம். வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக ஓடும், சில இடங்களில் சேலை மடிப்பு மாதிரி வளைந்து திரும்பும். நைஸ் என்று இந்த வகைப் பாறைக்குப் பெயர். வெள்ளை வரியில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும், கறுப்பு வரியில் இரும்பு கலந்த கனிமங்கள். பல இடங்களில் நடுவே மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அவைதான் கார்னெட். மேலே கிடந்து இறுகிய பாறை இப்படி மடியாது. சூட்டில் மாவு மாதிரி இளகிக் கிடந்தால்தான் இப்படி மடியும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த சஜீவ் கிருஷ்ணன், ஜப்பானின் யசுஹிதோ ஒசனாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் சிலவற்றை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வெப்பம் 1,100 பாகை செல்சியஸுக்கும் மேல். அமுக்கம் 12 கிலோபார், அதாவது நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றின் அமுக்கத்தைப் போல் சுமார் பன்னிரண்டாயிரம் மடங்கு. அந்த அளவு அமுக்கம் கிடைக்க ஒரு பாறைக்கு மேல் நாற்பது கிலோமீற்றர் உயரத்துக்குப் பாறை அடுக்கியிருக்க வேண்டும். கம்பளையிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு. அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி நினைத்துப் பாருங்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை, உலகத்தில் எங்கேயும் கண்டப் பாறைகளில் பதிவான மிக உயர்ந்த வெப்பங்களில் கண்டியைச் சுற்றிய பாறைகளுடையதும் ஒன்று. எரிமலைக் குழம்பு ஓடுகிற சூடு அது. முழுசாக உருகாமல் போனதற்குக் காரணம் தண்ணீர் இல்லாமை. உருகக்கூடிய பகுதி முன்பே உருகி வெளியேற, மிஞ்சியது காய்ந்த, பிடிவாதமான கல்.

நாற்பது கிலோமீற்றர் கீழே யாரும் போனதில்லை. மனிதர் தோண்டிய ஆகக் கூடிய ஆழமே ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீற்றர் சொச்சம்தான். பிறகு எப்படித் தெரியும்? கனிமங்கள் சாட்சி சொல்கின்றன. ஒரே கரிமம் குறைந்த அமுக்கத்தில் பென்சில் முனையாகவும் பெரிய அமுக்கத்தில் வைரமாகவும் ஆகிற கதை எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி ஒவ்வொரு கனிமச் சேர்க்கைக்கும் தான் நிலைக்கிற வெப்பம், அமுக்கம் என்று ஓர் எல்லை உண்டு. சபிரின் என்று ஒரு நீலக் கனிமம். அது குவார்ட்ஸைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதென்றால் அந்தப் பாறை மிக உயர்ந்த சூட்டைப் பார்த்திருக்க வேண்டும். பாறை மேலே வரும்போது அமுக்கம் குறைய, பழைய கனிமங்கள் புதியவையாக மாறத் தொடங்கும். ஆனால் முழுசாக மாற நேரம் போதாது. அதனால் கார்னெட்டைச் சுற்றி வளையம் மாதிரி, விரல் ரேகை மாதிரி, பாதி மாறின கனிமங்கள் அப்படியே நின்றுபோயிருக்கும். பாதிச் சமையலில் அடுப்பை அணைத்த மாதிரி. அந்த அரைவேக்காட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான் பாறை எந்த வழியாக மேலே வந்தது என்று படிக்கிறார்கள். ஆவணக்காப்பகத்தில் அடித்துத் திருத்தின கடிதம் கிடைத்தால் வரலாற்று மாணவர் எப்படிச் சந்தோஷப்படுவார், அப்படித்தான்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இவ்வளவு ஆழத்துக்குப் போன பாறைகளில் நிறைய, முதலில் மேலேதான் இருந்தன. கடலோரத்தில். மணல் குவார்ட்சைற்றாக மாறியிருக்கிறது, களிமண் கொண்டலைற்றாக, சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக. திகனைப் பக்கம் வெட்டுகிறார்களே டொலமைற், அது இந்தச் சலவைக்கல் குடும்பம்தான். தோட்டத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டின பிறகு மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைற் தூள் போடுவார்கள். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெள்ளைத் தூள் மூட்டை தெரியும். அது ஒரு பழைய கடலின் அடித்தளம். நாற்பது கிலோமீற்றர் என்று இல்லாவிட்டாலும் பல பத்துக் கிலோமீற்றர் கீழே போய், வெந்து, திரும்பி வந்து, மூட்டையில் கட்டி லொறியில் ஏறியிருக்கிறது.

கடற்கரையை யார் அவ்வளவு கீழே தள்ளினது? இங்கேதான் கண்டங்களின் மோதல் வருகிறது. இதற்கு உயிரோடு இருக்கிற உதாரணம் இமயமலை. இந்தியா தெற்கே இருந்து நகர்ந்து போய், சுமார் ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் ஆசியாவோடு முட்டியது. நடுவே இருந்த கடல் மூடிக்கொண்டது. கடல்தளப் பாறை கனமானது, அதனால் ஒரு கண்டத்தின் அடியில் புகுந்து பூமிக்குள் மூழ்கிவிடும். கண்டத்துப் பாறை இலேசானது, அது இலகுவில் மூழ்காது. இரண்டு கண்டங்கள் முட்டினால் விலக இடமில்லாமல் மடியும், வெடிக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சாதாரணமாக 35 கிலோமீற்றர் தடிப்பாக இருக்கிற கண்ட ஓடு திபெத்தின் கீழே இன்றைக்கு 70 கிலோமீற்றர் வரை இருக்கிறது. மேலே எழும்புகிறது நம் கண்ணுக்குத் தெரியும் மலை. கீழே இறங்குகிறது அதைப் போல் பல மடங்கு, மலையின் வேர். எங்கள் கடற்கரை மாட்டிக்கொண்டது அப்படி ஒரு வேரில்.

எவரெஸ்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடல் உயிரினங்களின் எச்சங்கள் அதில் இருக்கின்றன. அதாவது அங்கே இன்னும் அடுக்கின் மேல் பகுதிதான் தெரிகிறது. கம்பளையில் தெரிவது அதே மாதிரி ஓர் அடுக்கின் அடிப்பகுதி. இமயமலையை ஐம்பது கோடி வருஷம் மழையில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் அங்கே கிடைக்கிற கல் ஏறத்தாழ நம் கடலாதெனியக் கல் மாதிரி இருக்கும்.

இங்கே மோதல் நடந்த காலம் இன்றைக்குச் சுமார் 61 கோடி முதல் 55 கோடி வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, அந்தாட்டிக்கா எல்லாம் துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டு கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகியது. அந்த ஒட்டின் நடுவில் இலங்கை. இப்போது இலங்கையின் பாறைகளைப் பிரதானமாக மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வடமேற்கே வன்னித் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி, நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குக் குறுக்காக ஓடுகிற மலைநாட்டுத் தொகுதி. கண்டியைச் சுற்றிக் கடுகண்ணாவைத் தொகுதி என்று சின்னதாக இன்னொன்றும் உண்டு. 1980களின் கடைசியில் அல்பிரட் குரோனர் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் இலங்கையின் பி.ஜி. குரே, பி.டபிள்யூ. விதானகே முதலானவர்களும் சேர்ந்து செய்த வேலையில்தான் இந்தப் பிரிவு உறுதியானது. அதற்கு முன்னாலும் பாறைகளைப் பிரித்துத்தான் எழுதினார்கள், ஆனால் வேறு விதமாக.

காலத்தைக் கணக்கிட உதவினது சிர்கோன் என்ற சின்ன மணி. இரத்தினபுரி ஆற்று மணலில் கல் அரிப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. அது உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக எடுக்காது. பிறகு யுரேனியம் தன் பாட்டில் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். பாதி மாற 447 கோடி வருஷம். இன்று உள்ளே இருக்கிற ஈயத்தை அளந்தால் வயது வரும். கண்டிப் பக்கத்து மணிகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பழைய கரு, அதைச் சுற்றிப் புதிய ஓடு. கரு 250 கோடி வருஷப் பழசாகக்கூட இருக்கும். அது எங்கோ இருந்த மலை தேய்ந்து கடற்கரைக்கு வந்த மணல். ஓடு 55 கோடி வருஷத்தின் பக்கம். அது மோதலில் வெந்தபோது வளர்ந்தது. ஒரே மணலில் இரண்டு வரலாறு.

இந்த யுரேனிய விவகாரத்தில் நம்ம ஆள் ஒருவரும் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி என்றால் நடராஜர், இந்தியக் கலை என்றுதான் நமக்குப் பாடம். அவர் படித்தது புவிச்சரிதவியல். இலங்கைக் கனிமவள அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக 1903இலிருந்து 1906 வரை இருந்தார். சர் முத்து குமாரசுவாமியின் மகன், லண்டனில் படித்தவர், சுத்தியலோடு இந்த மலைகளில் ஊர் ஊராக நடந்தார். 1904இல் அவர் கவனித்துப் பரிசோதனைக்கு அனுப்பின கறுப்புக் கனிமம் முதலில் யுரேனினைட் என்று நினைக்கப்பட்டது. பிறகு பார்த்தால் அதில் பெரும்பகுதி தோரியம். தோரியனைட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில், இலங்கையிலிருந்து போன தோரியனைட்டில் வேலை செய்தபோதுதான் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப் பிளவுக்காக நோபல் வாங்கியவர் அவர்தான். குமாரசுவாமி பாறை தேடி நடந்த ஊர்களில் பார்த்த கம்மாளர்களும் தச்சர்களும் அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. பீடங்களுக்கு இடையில் மதில் கட்டுகிறவர்கள் இவரை எந்தப் பக்கம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, கீழே போன கதை முடிந்தது. மேலே வந்தது எப்படி? பாறையை யாரோ கீழே இருந்து உந்தித் தள்ளினது போலத்தான் நாம் நினைப்போம். ஓரளவுக்கு அதுவும் நடக்கும், மோதலின்போதே ஆழத்துப் பாறைத் தகடுகள் வெடிப்புகள் வழியே மேலே ஏற்றப்படும். ஆனால் பெரிய வேலை மேலே நடக்கிறது. பாரம் ஏற்றின லொறியைப் பாருங்கள், வில்லு அமுங்கி இருக்கும். மூட்டையை இறக்க இறக்க லொறியின் தட்டு தானாக எழும்பும். மலைக்கும் அதுதான். கண்ட ஓடு தனக்குக் கீழே இருக்கிற கனமான, மெதுவாக இளகிக் கொடுக்கிற பாறையின் மேல் மிதக்கிறது. மழை மேலே ஒரு கிலோமீற்றரைக் கழுவினால் கீழே இருந்து 800 மீற்றருக்கு மேல் எழும்பி வரும். மலை கிட்டத்தட்ட அதே உயரத்தில் நிற்கிற மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற பாறை ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு படி ஏறியிருக்கும். ஒரு மலையின் உயரத்தை ஒரே ஒரு கிலோமீற்றர் குறைக்க ஐந்து, ஆறு கிலோமீற்றர் பாறையைக் கழுவ வேண்டும். ஆக ஆழத்துப் பாறை வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம் மேலே இருந்த மலை இல்லாமல் போனது. மோதல் முடிந்த பிறகு, தன் பாரம் தாங்காமல் அந்தத் தடித்த ஓடு பக்கவாட்டில் விரிந்து மெலிவதும் உண்டு. அதுவும் உதவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலங்கையின் கீழே இன்றைக்கு ஓட்டின் தடிப்பு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். நம் பாறை அன்று 40 கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது, அதற்குக் கீழேயும் இந்த அளவு இருந்திருக்கும் என்று வைத்தால் மொத்தம் 75. திபெத்தின் தடிப்பு. அதாவது கம்பளை இருக்கிற இடத்துக்கு மேலே ஒரு காலத்தில் இமயமலை வகை மலை ஒன்று நின்றிருக்கும் என்று நினைப்பதில் பிழையில்லை.

அப்படியென்றால் இப்போது நாம் பார்க்கிற அம்புளுவாவ, அந்தானை, பிதுருதலாகலை எல்லாம் அந்த மலையின் மிச்சமா? மிச்சம் பாறைதான், உயரம் இல்லை. அந்தப் பழைய மலை எப்போதோ தேய்ந்து தரையாகிவிட்டது. இன்றைய உயரம் வேறு கதை, பிந்திய கதை. இலங்கையை மூன்று படிகளாக, கடலோரச் சமவெளி, நடுப் படி, மேல் படி என்று, 1929இல் கனடாவின் எவ். டி. அடம்ஸ் விவரித்தார். டி. என். வாடியா அந்தப் படிகள் வெடிப்புகள் வழியே கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டவை என்றார். வாடியா நங்க பர்பத் பக்கம் இமயமலையின் வளைவை ஆராய்ந்து புகழ் பெற்றவர், 1938இல் இலங்கை அரசின் கனிமவியலாளராக இங்கே வந்தார். இளம் மலையையும் கிழ மலையையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார். படிகள் எப்படி வந்தன என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அந்தாட்டிக்கா பிரிந்து போனபோது விளிம்பு உயர்ந்தது, கடினமான பாறை தேயாமல் எஞ்சியது என்று வேறு விளக்கங்களும் உண்டு.

அந்தாட்டிக்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியர்கள் ஏன் கண்டிக்கு வந்து கல் உடைக்கிறார்கள் என்று கேட்டால், 1957இல் அவர்கள் அந்தாட்டிக்காவில் ஷோவா என்ற ஆய்வு நிலையத்தைக் கட்டினார்கள். அந்த லுட்சோ-ஹோம் குடாப் பக்கத்துப் பாறையும் இதே வயது, இதே வேக்காடு. பனிக்கு அடியில் ஒளிந்திருக்கிற பாறையின் தொடர்ச்சியைப் பார்க்க மலைநாட்டுக்கு வருகிறார்கள். மடகஸ்காரின் தெற்கு, திருவனந்தபுரம், நாகர்கோவில், மதுரைப் பக்கத்துப் பாறைகள் எல்லாம் ஒரே மோதலின் சொந்தக்காரர்கள்.

இதைக் கேட்டவுடனே சிலருக்கு உற்சாகம் வந்துவிடும். பார்த்தாயா, தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நிலம், குமரிக்கண்டம் உண்மைதான் என்று யூடியூபில் பின்னணி இசையோடு ஆரம்பித்துவிடுவார்கள். லெமூரியா என்ற பெயரை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகஸ்காரின் லெமூர்களின் உறவுகள் இந்தியாவில் எப்படி வந்தன என்று விளக்குவதற்காக வைத்தார். கண்டங்கள் நகரும் என்று அன்றைக்குத் தெரியாது, அதனால் நடுவே ஒரு கண்டம் மூழ்கியதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தேவையே இல்லாமல் போனது. கொண்டுவானா ஒட்டியிருந்தபோது தரையில் ஒரு புல்கூடக் கிடையாது. அது உடைந்து அந்தாட்டிக்கா விலகத் தொடங்கியது சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னால், மனித இனத்துக்கு மூன்று இலட்சம் வருஷம்தான் வயது. பாக்கு நீரிணை பனியுகத்தில் தரையாக இருந்து, சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் மூடியது உண்மை. அது நடந்து வரக்கூடிய பாதை. அதற்கும் நைஸ் பாறைக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு இதில் கோபம் வருகிற காரணம் வேறு. மலையகத் தமிழரை ‘வந்தவர்கள்’ என்று சொல்லுகிறவர்களுக்குப் பதிலாக நாமும் ஒரு பழமையைத் தோண்டிக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறோம் இல்லையா, அந்த விளையாட்டில் எந்தப் பக்கம் விளையாடினாலும் தோல்விதான். இருநூறு வருஷம் ஓரிடத்தில் வேலை செய்து செத்ததே போதுமான சான்று. அதற்கு மேல் பாறையை வேறு சாட்சிக்கு அழைக்க வேண்டுமா? அந்தப் பாறையே கடற்கரையிலிருந்து வந்தது.

பாறை உண்மையில் அரசியலுக்குள் வந்த வழி வேறு. காரீயம். ஆழத்தில் ஓடிய கரிமம் நிறைந்த திரவங்கள் பாறை வெடிப்புகளில் படிந்து உண்டானது, இலங்கையினுடையது உலகத்திலேயே மிகச் சுத்தமான வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் முதலாம் உலகப் போர்க் காலத்திலும் உருக்குவார்ப்புக் குகைகளுக்காக அதற்குப் பெரிய கிராக்கி. அந்தக் காசில் எழும்பின குடும்பங்களில் ஒன்று டொன் ஸ்பேட்டர் சேனாநாயக்கவுடையது. அவர் மகன் டி. எஸ். சேனாநாயக்க முதல் பிரதமர். ஜோன் கொத்தலாவலையின் தாய்வழியான ஆட்டிகல குடும்பமும் காரீயச் சுரங்கக் குடும்பம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் முதலாமவரின் அரசாங்கம் கொண்டுவந்தது, 1954 நேரு-கொத்தலாவலை ஒப்பந்தத்தில் இரண்டாமவரின் கையெழுத்து. மோதலின் அடியாழத்தில் உண்டான கனிமம் ஒரு வர்க்கத்தை மேலே கொண்டுவந்தது, அந்த வர்க்கம் அதே மலையில் வேலை செய்தவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. காரீயம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை மேசையில் வைத்தவர்களின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு கால் நிலத்துக்கு அடியில் போய் நிற்கும்.

பெயர்களிலும் இதே வாசனை. கொண்டுவானா, கோண்டு மக்களின் பெயர். கொண்டலைற், ஒடிசாவின் கோந்து மக்களின் பெயர். நம் பாறைகளில் இன்னொரு வகையான சார்னோகைட் கல்கத்தாவைத் தொடக்கிவைத்த கம்பனிக்காரர் ஜோப் சார்னொக்கின் பெயர், அவருடைய கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பதால். பழங்குடியின் பெயர் நிலத்துக்கு, துரையின் பெயர் அவர் கல்லறைக்கு.

கடைசியாக, அரிப்பு. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். ஆழத்துப் பாறையை மேலே கொண்டுவந்த அதே வேலை இன்றும் நடக்கிறது. அதன் வேகத்தை அளந்திருக்கிறார்கள். திலக் ஹேவாவசம் முதலானவர்கள் 2003இல் மேல் மகாவலி வடிநிலத்தில் ஆற்று மணலை எடுத்து, விண்கதிர்களால் குவார்ட்ஸுக்குள் உண்டாகும் அணுக்களை எண்ணி, மனிதர் கை வைக்காத இயற்கை அரிப்பு வருஷத்துக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் என்று கண்டார்கள். பாறைத் தடிப்பாகப் பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சென்றிமீற்றர். இவ்வளவு மழை கொட்டுகிற செங்குத்து மலைக்கு இது ஆச்சரியமான அளவுக்கு மெதுவானது. இந்த வேகத்தில் 55 கோடி வருஷம் ஓடினாலும் ஆறு கிலோமீற்றரைத் தாண்டாது. ஆகவே நாற்பதில் பெரும்பகுதி மோதல் முடிந்த ஆரம்பக் காலத்தில், மலை உயரமாக இருந்தபோதே போயிருக்க வேண்டும். அதன் பிறகு இந்த நிலம் கிழம் தட்டி, காட்டைப் போர்த்திக்கொண்டு, அசையாமல் கிடந்தது.

அதே ஆய்வில் பயிர் செய்கிற சரிவுகளின் அரிப்பு 130 முதல் 2,100 தொன். பத்திலிருந்து நூறு மடங்கு.

அந்தப் போர்வையை உருவின இடங்களில் முதல் இடம் கம்பளை. 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது, காடு அரசாங்கச் சொத்தானது, மலிவு விலைக்குத் துரைமாருக்குப் போனது. வெட்டினார்கள், எரித்தார்கள், வெறும் சரிவில் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் மண் கொஞ்சம் மகாவலியோடு போனது. அந்த மண் சும்மா வந்ததில்லை. நைஸில் இருக்கிற பெல்ஸ்பார் நூறாயிரக்கணக்கான வருஷம் மழையில் உக்கிக் களியாக மாறி உண்டானது. தேயிலைக்கு அது உயிர், மழைக்காலத்தில் அதுவே ஆபத்து. தண்ணீர் ஊறினால் களி வழுக்கும். கீழே பாறையின் வரிகள், அந்த நாற்பது கிலோமீற்றர் ஆழத்தில் மடிந்த வரிகள், சரிவு இறங்குகிற அதே பக்கம் சாய்ந்திருந்தால் மேலே இருக்கிற மண்ணும் உடைந்த கல்லும் பலகையில் வைத்த மாதிரி இறங்கும். மலையின் ஒரு பக்கம் உறுதியாக நிற்க, மறுபக்கம் அடிக்கடி சரிவதற்குப் பல இடங்களில் இதுவும் ஒரு காரணம்.

லயங்களை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. தேயிலை நட முடியாத துண்டு எது, தொழிற்சாலைக்குக் கிட்ட எது என்று பார்த்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எண்ண முடியாத சரிவுகள், கம்பளை நகருக்குள் மகாவலி. அந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு அறிவித்தல் வரும், இடத்தை விட்டுப் போங்கள் என்று. எங்கே போவது? சரியாத நிலம் எது என்று வரைபடம் சொல்லும். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு வேறு ஆவணம் இருக்கிறது. கம்பனியின் குத்தகைப் பத்திரம். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்ற பேச்சு 2015இலிருந்து ஓடுகிறது, பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான்.

டித்வா கொண்டுபோன மண் இப்போது பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் அணையின் அடியில் படிந்து கிடக்கும். அணை இல்லாவிட்டால் திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போயிருக்கும். மண்ணோடு போன சிர்கோன் மணிகளுக்கு அது இரண்டாவது கடல்.